குளிர்காலத்தில் கொடுக்கும் பணம் எப்படிச் சூடாக மாறுகிறது?

பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் கரண்டும் கேஸும் மொபைல் போனைப் போல டாப்-அப் செய்துதான் ஓடுகின்றன. சாவியையோ கார்டையோ கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி, வீட்டுக்கு வந்து மீட்டரில் போட வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் போனிலேயே ஏற்றலாம். பணம் தீர்ந்ததும் கொஞ்சம் அவசரக் கடன் கிடைக்கும். அதுவும் தீர்ந்தால் ஹீட்டிங் நின்றுவிடும், அடுப்பும் விளக்கும் அணைந்துவிடும். இரவு நேரத்திலும் வார இறுதியிலும் மட்டும் பெரும்பாலும் நிறுத்தாமல் விடுவார்கள். விடிந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

இப்படி அணைவதை வெளியே யாரும் பார்ப்பதில்லை. கம்பெனி ஆள் வந்து கம்பியைத் துண்டிப்பதில்லை, அறிவிப்புக் கடிதமும் வருவதில்லை. கையில் காசு இல்லாததால் டாப்-அப் செய்யவில்லை, அவ்வளவுதான். குளிர்கால நன்கொடையைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் இந்த மீட்டரிலிருந்துதான் தொடங்குவேன். நாம் கொடுக்கும் பணம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கே அது எந்த வடிவத்தில், எந்த மாதத்தில் போய்ச் சேருகிறது என்பதை வைத்தே ஒரு வீடு சூடாவதும் சூடாகாமல் போவதும்.

எரிபொருள் வறுமை என்றால் என்ன?

வீட்டைத் தேவையான அளவுக்குச் சூடாக வைத்துக்கொள்ளப் பணம் போதாத நிலையைத்தான் எரிபொருள் வறுமை என்கிறார்கள். பொதுவான வறுமைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வருமானம், எரிபொருள் விலை, வீட்டின் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று புதிய அடுக்குமாடி வீட்டில் நிம்மதியாக இருக்கும். இன்னொன்று நூறு வருஷத்துக்கு முந்தைய வீட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டின் நிலை என்பது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முன்பு கட்டப்பட்டது. அந்தக் காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் ஒரே கட்டாக எழுப்பியவை. பிற்கால வீடுகளில் இரண்டு அடுக்குச் சுவர் வைத்து நடுவில் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் வெப்பக்காப்புப் பொருளை நிரப்பிவிடலாம். பழைய சுவரில் நிரப்ப இடமே இல்லை. உள்ளேயோ வெளியேயோ தனியாகப் போர்த்தத்தான் வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். வாடகைக்கு இருப்பவர் அதைத் தானாகச் செய்யவும் முடியாது.

1991-இல் பிரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் செலவாகுமானால், அந்தக் குடும்பம் எரிபொருள் வறுமையில் இருக்கிறது. கவனியுங்கள், அவர்கள் உண்மையில் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பது இதில் கணக்கில்லை. எவ்வளவு தேவை என்பதுதான் கணக்கு. ஹீட்டிங்கே போடாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் பில் குறைவாகத்தான் இருக்கும். பில்லை மட்டும் பார்த்தால் அவருக்குக் கஷ்டமே இல்லை என்று தோன்றிவிடும்.

வேல்ஸ் இன்றும் ஏறக்குறைய இந்தப் பத்து சதவீத அளவுகோலையே பயன்படுத்துகிறது. இங்கிலாந்தின் அளவுகோல் இரண்டு முறை மாறிவிட்டது. இப்போதுள்ள முறைப்படி இரண்டு நிபந்தனைகள்: வீட்டின் ஆற்றல் தரம் ('ஏ' சிறந்தது, 'ஜி' மிக மோசம்) 'டி' அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும், எரிபொருளுக்குச் செலவழித்த பிறகு மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போக வேண்டும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. 'சி' தரமுள்ள வீட்டில் இருக்கும் குடும்பம், விலையேற்றத்தால் எவ்வளவு திண்டாடினாலும், இந்தக் கணக்கில் வரவே வராது. ஆகவே அரசு வெளியிடும் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அதற்கு வெளியேயும் குளிரில் வாடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு சூடு போதும்? வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018-இல் பரிந்துரைத்தது. அதற்குக் கீழே போனால் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடும். ஈரம் காயாமல் சுவரில் பூஞ்சை படரும். குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வரும். குளிர் ஒரு அசௌகரியம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது உடம்புக்கு வரும் கேடு.

விலை எப்படி ஏறியது?

ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019-இலிருந்து விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது மொத்த பில்லுக்கான வரம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கலாம், தினசரி நிலையான கட்டணம் எவ்வளவு என்பதற்குத்தான் வரம்பு. அதிகம் எரித்தால் பில்லும் அதிகம்தான். செய்திகளில் வரும் தொகை, சராசரியாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. அது 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 அக்டோபரில் 3,549 ஆனது. அரசு தலையிட்டு அதை 2,500 அளவில் பிடித்து நிறுத்தியது. பிறகு இறங்கியது என்றாலும் 2025 முழுவதும் 1,700-க்கு மேலேயே இருந்தது. நெருக்கடி முடிந்துவிட்டது என்று செய்திகள் சொன்னாலும் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த நாட்களில் ஏறிய கடனும் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது.

மீட்டருக்குள் நடப்பது

சரி, மீண்டும் மீட்டருக்கு வருவோம். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகிற வீட்டில், ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு ஒரே தொகையாக எடுப்பார்கள். கோடையில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டியது குளிர்காலத்துக்குக் கைகொடுக்கும். டாப்-அப் மீட்டரில் அந்த வசதி இல்லை. எரிக்கும் அன்றைக்கே காசு வேண்டும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் செலவு மொத்தமாக வந்து விழும். வருமானம் என்னவோ மாதாமாதம் அதேதான்.

இன்னொன்று, வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாதது. எதையும் பயன்படுத்தாவிட்டாலும் நிலையான தினக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அண்மை ஆண்டுகளில் கரண்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 80 பென்ஸுக்கு மேல். ஒரு குடும்பம் கோடையில் கேஸ் மீட்டரைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கேஸுக்கு மட்டும் நாளுக்கு 30 பென்ஸ் என்றால், 150 நாளில் 45 பவுண்டு கடன் ஏறியிருக்கும். அக்டோபரில் முதல் குளிர் வந்ததும் அம்மா பத்து பவுண்டு ஏற்றுகிறார். மீட்டர் அதை அப்படியே கடனில் கழித்துக்கொள்கிறது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லென்றுதான் இருக்கிறது. பணத்தையும் கொடுத்துவிட்டு குளிரிலும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் சின்னத் தொகைகள் சில நேரம் பயனில்லாமல் போகின்றன. அந்த 45 பவுண்டைத் தாண்டினால்தான் சூடு. ஒருவருக்கு ஐந்து ஐந்தாக ஒன்பது முறை கொடுப்பதும், ஒரே நேரத்தில் 50 பவுண்டு வவுச்சர் கொடுப்பதும் ஒன்றல்ல. நீங்களும் நானும் தனித்தனியாகக் கொடுக்கும் சின்னத் தொகைகளை ஓர் அமைப்பு சேர்த்து, ஒரு வீட்டுக்குப் போதுமான அளவில் ஒரே தடவையாகக் கொடுக்கிறது. நன்கொடை நிதியத்தின் வேலையே அதுதான்.

அரசு கொடுப்பதும் அதன் ஓட்டைகளும்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் தொகை 1997-இலிருந்து இருக்கிறது. ஒரு வீட்டுக்கு 200 பவுண்டு, 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் 300. 2024-இல் இதை வறியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோது ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இழந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும், 2025-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது எல்லா முதியோருக்கும் வரும், ஆனால் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இது தவிர, சில உதவித்தொகைகள் பெறுபவர்களின் மின்கட்டணத்தில் 150 பவுண்டு கழிவு உண்டு. கடுங்குளிர் வாரத்துக்கு 25 பவுண்டும் உண்டு. ஸ்காட்லாந்தில் இவற்றில் சில வேறு பெயரில், வேறு விதிகளோடு நடக்கின்றன.

அந்த 25 பவுண்டின் நிபந்தனை, தொடர்ந்து ஏழு நாட்களுக்குச் சராசரி வெப்பநிலை பூஜ்யமோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும் என்பது. மூன்று டிகிரியில் மழையும் காற்றுமாக ஒரு மாதம் போனாலும் ஒரு பென்னி கிடைக்காது. பிரிட்டனின் குளிர்காலம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வயது. 200 பவுண்டு முதியோருக்கு மட்டும். இரண்டு சின்னக் குழந்தைகளோடு பகுதிநேர வேலை பார்க்கும் தாய்க்கு அது இல்லை. முதியோரைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் அதிகம் எழுதுகின்றன, அது நியாயமும்கூட. ஆனால் ஒரு நன்கொடையாளராக, வேலைக்குப் போகும் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்கும் நிதியத்துக்குக் கொடுப்பதையே நான் விரும்புகிறேன்.

பணம் போகும் வழிகள்

டாப்-அப் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு நேரடியான வழி வவுச்சர். ஃபியூயல் பேங்க் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இதையே முக்கிய வேலையாகச் செய்கிறது. உணவு வங்கியோ ஆலோசனை மையமோ ஒருவரின் நிலைமையை விசாரித்து அனுப்பும். வவுச்சர் கைக்கு வரும். டாப்-அப் செய்யும் கடையில் அதைக் காட்டினால் தொகை மீட்டருக்கு ஏறிவிடும். உணவு வங்கியும் இதுவும் சேர்ந்து நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்தாவும் பருப்பும் கொடுத்தால் அதை வேகவைக்க அடுப்பு எரிய வேண்டுமே. சமைக்கத் தேவையில்லாத உணவாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போகிறவர்கள் உண்டு என்பதை உணவு வங்கியில் வேலை செய்த எவரும் சொல்வார்கள்.

அடுத்தது உள்ளூர் சமூக அறக்கட்டளைகள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கும். நன்கொடைகளைச் சேர்த்து அந்தப் பகுதியின் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இவற்றில் பல 'சர்வைவிங் வின்டர்' என்ற பெயரில் குளிர்கால நிதி திரட்டுகின்றன. அதன் அடிப்படை யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: அரசின் 200 பவுண்டு தேவைப்படாத முதியவர், அது தேவைப்படும் இன்னொரு வீட்டுக்கு அதைக் கைமாற்றிவிடலாம்.

இது புதிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். லண்டனின் மேற்கே ஹாம்ப்டனில், 1811-இல் பொது நிலங்களை வேலியிட்டுத் தனியாருக்குப் பிரித்தபோது, ஏழைகள் எரிபொருள் எடுத்துக்கொள்ள ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கினார்கள். 1980-களின் இறுதியில் அந்த நிலம் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பெரும் தொகைக்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்தின் வருமானத்தில் அந்த அறக்கட்டளை இன்றும் வட்டாரத்து ஏழைக் குடும்பங்களின் எரிபொருள் செலவுக்கு உதவுகிறது. விறகும் கரியும் போய் மீட்டர் வந்துவிட்டது, தேவை மாறவில்லை.

கிராமங்களில் கதை வேறு. கேஸ் குழாய் போகாத வீடுகளில் பல, ஹீட்டிங்குக்கான எரியெண்ணெயில் ஓடுகின்றன. அதற்கு ஆஃப்ஜெமின் உச்சவரம்பு கிடையாது. எண்ணெய் லாரி பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து ஊற்றாது. பல நூறு பவுண்டை ஒரே தடவையாகப் புரட்ட முடியாதவர், சின்ன மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு கூடுதல் செலவில் குறைந்த சூட்டோடு காலம் தள்ளுவார். உங்கள் நன்கொடை கிராமப்புறத்துக்குப் போக வேண்டுமானால், எண்ணெய்க்கும் உதவுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. ஆலோசனைக்குக் கொடுப்பது. 'என் பணம் சம்பளத்துக்கா போகிறது?' என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகைக்குத் தகுதியுள்ள முதியோர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. படிவம் புரியாது, இணையம் தெரியாது, கேட்கவும் கூச்சம். ஓர் ஆலோசகர் ஒரு மதியம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால், அவருக்கு வாராவாரம் பணம் வரும், 150 பவுண்டு மின்கட்டணக் கழிவும் கூடவே வர வாய்ப்புண்டு. வவுச்சர் ஒரு வாரத்துக்கு. இது பல வருஷத்துக்கு. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே போன்ற அமைப்புகள் செய்யும் இந்த வேலைக்கு நன்கொடை திரட்டுவது கடினம், ஏனென்றால் போட்டோவில் காட்ட எதுவும் இருக்காது. ஆனால் என்னைக் கேட்டால், இரண்டும் சேர்ந்து நடக்கும் இடத்துக்கே முதலில் கொடுப்பேன். இன்றைக்கு வவுச்சர் வாங்க வருபவரை உட்காரவைத்து, 'வேறு என்னென்ன உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது, பார்ப்போமா?' என்று கேட்கும் இடம் அது.

பொருளாகக் கொடுக்கலாமா?

பழைய ஹீட்டரைத் தானமாகக் கொடுக்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், ஏறக்குறைய 50 பென்ஸ். வாங்குபவருக்கு அது உதவியாகத் தெரியும், செலவாக வந்து நிற்கும். அதே நேரம் நூறு வாட் மின்போர்வை எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. தனியாக இருக்கும் முதியவருக்கு இது பெரிய உதவி. ஆனால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். பயன்படுத்திய மின்போர்வையின் உள்ளே கம்பி மடிந்திருந்தால் தீப்பிடிக்கும். கேஸ் சிலிண்டரிலோ மண்ணெண்ணெயிலோ எரியும் ஹீட்டரை ஜன்னல் மூடிய அறைக்குக் கொடுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். கோட்டும் கம்பளியும் நல்லதுதான், கேட்கும் இடத்துக்குக் கொடுங்கள். மற்றபடி பணமாகவே கொடுத்துவிடுவது மேல். எந்த வீட்டுக்கு பாய்லர் ரிப்பேர், எந்த வீட்டுக்கு வவுச்சர், எந்த வீட்டுக் கதவிடுக்கை அடைக்க வேண்டும் என்பது பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

2022 குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் குருத்வாராக்களும் சமூகக் கூடங்களும் கதவைத் திறந்து 'வெதுவெதுப்பான இடம்' என்று அறிவித்தன. பல இடங்களில் அது தொடர்கிறது. ஒரு கோப்பைத் தேநீரும் பேச ஆளும் கிடைக்கும் அந்த இடங்களுக்கு உங்கள் நேரத்தையும் கொடுக்கலாம்.

கிஃப்ட் எய்ட், பதிவு எண்

பிரிட்டனில் வரி கட்டுபவர் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அந்த நிறுவனம் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். இதுதான் கிஃப்ட் எய்ட், 1990-இலிருந்து உண்டு. 200 பவுண்டு கொடுத்தால் 250 ஆகிவிடும். உங்களுக்குச் செலவில்லை, படிவத்தில் உள்ள ஒரு சிறு கட்டத்துக்குள் டிக் போட்டால் போதும். ஆனால் அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய வரி, உங்கள் எல்லா நன்கொடைகளுக்கும் சேர்த்து நிறுவனங்கள் பெறும் தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வரியே கட்டாத முதியவர் டிக் போட்டால், அந்தத் தொகையை அவரிடமே வரித்துறை கேட்கலாம். நாற்பது சதவீத வரி கட்டுபவர் 100 பவுண்டு கொடுத்தால், தன் வரிக்கணக்கில் 25 பவுண்டைத் திரும்பப் பெறலாம். அதையும் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 35,000-க்கு மேல் வருமானமுள்ள முதியவர் தன் எரிபொருள் தொகையைத் தானம் செய்தால், வரித்துறை பிறகு எடுத்துக்கொள்ளும்போது அந்த 200 தன் சொந்தப் பணத்திலிருந்து போகும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளட்டும்.

கொடுப்பதற்கு முன் பதிவு எண்ணைப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு நிறுவனங்களின் பெயரும் ஆண்டுக் கணக்கும் சேரிட்டி கமிஷனின் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கும். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. கதவைத் தட்டி அவசரப்படுத்துபவரிடம், பெயரை எழுதிக்கொண்டு நாளைக்கு ஆன்லைனில் கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது கொடுப்பது?

டிசம்பரில் எல்லோரும் கொடுப்பார்கள். ஆனால் ஓர் அமைப்பு எத்தனை வீடுகளுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று திட்டமிடுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். அப்போது கையில் இருப்பதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். மாதம் ஐந்து பவுண்டு என்று வங்கியில் நிலையாகச் சொல்லி வைத்தால், அதை நம்பி ஓர் ஆலோசகரை வேலைக்கு வைக்கலாம்.

அப்புறம், குளிர்காலம் போன பிறகு கொடுப்பது தாமதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனவரியில் குழந்தைகளுக்காக ஹீட்டிங் போட்ட வீட்டுக்கு மார்ச்சிலோ ஏப்ரலிலோதான் நிலுவை தெரியவரும். மீட்டரில் கடன் பிடித்தம் தொடங்குவது, கம்பெனியோடு தவணை பேசுவது, வாடகையை விட்டுவிட்டு கரண்ட் பில்லைக் கட்டுவது எல்லாம் அந்த மாதங்களில்தான். நன்கொடை குறைவாக வரும் காலமும் அதுவே. ஏப்ரலில் வரும் 50 பவுண்டு ஒரு வீட்டின் பழைய கடனைக் கழித்துவிட்டால், அடுத்த அக்டோபரில் அந்த அம்மா ஏற்றும் முதல் பத்து பவுண்டு நேராக ரேடியேட்டருக்குப் போகும்.